வி-கிராஸுக்குத் தடித்த ஸ்டெபிலைசர் பார்: நானே மாற்றிய கதையும் முறையும்

காரவள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. என் மனைவி வண்டிகளை மதிப்பிடுவது அந்த எண்களை வைத்துத்தான். பழைய காரில் போனபோது 40-ஆவது வளைவில் "நிறுத்துங்க, தலை சுத்துது" என்பாள். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வாங்கி, பின்தொட்டிக்கு மேல் கேனோப்பியும் (மூடு கூடு) போட்ட பிறகு 22-லேயே நிறுத்தச் சொன்னாள். "இத்தனை லட்சம் போட்டு வாங்கினது இதுக்குத்தானா?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் வண்டிக்கு அடியில் இருந்தது. நாமக்கல்லில் வீடு, சோளக்காட்டுக்கு மேலே கொஞ்சம் மிளகும் காப்பியும் உள்ள தோட்டம். வாரம் ஒரு முறையாவது ஏறி இறங்குகிறேன். அதனால் சும்மா விட முடியவில்லை. முன்பக்க ஸ்டெபிலைசர் பாரை நானே தடித்ததாக மாற்றினேன். எப்படி என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிட்டேன்.

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒரே சாமான்தான். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் 'ஸ்டெபிலைசர்' என்றாலே போதும். 'ப' வடிவத்தில் வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நடுப்பகுதி இரண்டு புஷ் (கம்பியைச் சுற்றி இருக்கும் ரப்பர் உறை), அவற்றைப் பிடிக்கும் இரண்டு கிளாம்ப் மூலம் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் உட்கார்ந்திருக்கும். இரு முனைகளும் லிங்க் என்ற சின்ன இணைப்புக் கம்பி வழியாக, இடது, வலது சக்கரங்களைப் பிடித்திருக்கும் கீழ்க்கைகளோடு சேரும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது ஒரு சக்கரம் மேலேயும் இன்னொன்று கீழேயும் போகப் பார்க்கும். அப்போது கம்பி ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை எதிர்க்கும் பலம்தான் சாய்வைக் குறைக்கிறது.

ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது கம்பி முறுக்காது, புஷ்ஷுக்குள் சும்மா உருளும். அதாவது இது பாரம் தாங்கும் சாமான் அல்ல. சரக்கு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது என்பவர் ஸ்பிரிங் பட்டையைப் பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் மாற்றினால் ஒரு அங்குலம்கூட உயராது. இதைப் பல பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வாங்குவதற்கு முன்னால்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: வண்டி ஆடுவது பார் மெலிதாக இருப்பதாலா, அல்லது இருக்கும் பார் வேலையே செய்யாததாலா? என் வண்டியில் பாதிக் குற்றம் இரண்டாவதுதான். லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டியபோது இடது பக்கம் 'டொக் டொக்' என்றது. புஷ்ஷில் கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவே கடப்பாரை முனையை நுழைக்கிற அளவுக்கு இடைவெளி. அப்படி இருந்தால் சாய்வின் முதல் கொஞ்ச தூரத்துக்குப் பார் இருந்தும் இல்லாத மாதிரிதான். புது லிங்க், புது புஷ் மட்டும் போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். மனைவியின் கணக்கில் 22 என்பது 31 ஆனது. உங்களுக்கு அதுவே போதுமென்றால் அங்கேயே நின்றுவிடுங்கள், காசு மிச்சம். டயர் காற்றையும் ஷாக் அப்சார்பர் கசிவையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. செத்துப்போன ஷாக்கோடு தடித்த பார் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்தது அளவு. கெட்டிக் கம்பியின் முறுக்கு பலம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 28 மில்லி கம்பியை 30 ஆக்கினால் பலம் 1.3 மடங்கு, 32 ஆக்கினால் 1.7 மடங்கு, 35 ஆக்கினால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கண்ணுக்கு 4 மில்லி ஒன்றுமே இல்லை, வண்டிக்கு அது பெரிய விஷயம். முதல்முறை மாற்றுகிறவர் 3, 4 மில்லிக்கு மேல் போகாதீர்கள் என்பேன்.

'32 மில்லி' என்று பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருந்தாலும் கம்பி கெட்டியா, குழாயா என்று கேளுங்கள். உள்ளே 24 மில்லி ஓட்டை உள்ள 32 மில்லி குழாய்க்கு, 28 மில்லி கெட்டிக் கம்பியைவிட 17 சதவீதம்தான் கூடுதல் பலம். எடை நன்றாகக் குறையும், அது உண்மை. ஆனால் 1.7 மடங்கு என்று கணக்குப் போட்டு வாங்கினால் ஏமாற்றம்தான்.

என் வண்டிப் பாரின் விட்டத்தை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதைப் பார்த்தே ஆர்டர் போடுவீர்கள். தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்று எடுத்துக்கொண்டு அடியில் போய், புஷ்ஷுக்குப் பக்கத்தில் நேராக இருக்கும் பகுதியில் சேற்றையும் பெயின்ட்டையும் சுரண்டி, உங்கள் வண்டியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். டி-மேக்ஸ் ஆஸ்திரேலியாவில் நிறைய ஓடுகிறது. அங்கேயும் ஸ்டீரிங் நம்மைப் போல வலது பக்கம்தான் என்பதால் இந்த மாதிரி பாகங்களை நம் ஆட்கள் அங்கிருந்து தருவிப்பது வழக்கம். நான் '2021 டி-மேக்ஸ்' என்று ஆண்டைச் சொல்லி வாங்கினேன். வந்தது வேறு வண்டிக்கான பார். மூன்றாம் தலைமுறை டி-மேக்ஸ் 2019 அக்டோபரில் தாய்லாந்தில் வெளிவந்தது, 2020-இல் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டது. நம் ஊரில் 2021-இல் பிஎஸ்-6 எஞ்சினோடு விற்ற வி-கிராஸ் இரண்டாம் தலைமுறைதான். ஆண்டு ஒன்று, வண்டி வேறு. திருப்பி அனுப்பக் கூரியர் செலவு என் தலையில். ஆகவே ஆஸ்திரேலியாவில் 2012-இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கான பாகத்தைத்தான் கேட்க வேண்டும். சில பட்டியல்களில் அதே அடிப்படையில் வந்த ஹோல்டன் கொலராடோ என்ற இன்னொரு பிக்கப்பின் பெயரும் சேர்ந்திருக்கும். பெயர் சேர்ந்திருக்கிறது என்பதற்காக எல்லாப் பாகமும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். முனை ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், புஷ்களுக்கு இடையே உள்ள தூரம் இரண்டையும் அளந்து அனுப்பி, விற்பவரிடம் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாமக்கல்லில் இன்னொரு யோசனையும் வரும். லாரி பாடி கட்டுகிற ஊர், லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமே இல்லை. "எதுக்குங்கண்ணா வெளிநாட்டுல இருந்து? ஒரு ராடு குடுங்க, சூடு பண்ணி வளைச்சுத் தந்துடறேன்" என்று ஒரு பட்டறைக்காரர் அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம். ஸ்பிரிங் எஃகை வளைத்த பிறகு முறையாகச் சூடேற்றி, குளிர்வித்து, பதம் பார்த்து எடுக்க வேண்டும். கேஸ் டார்ச்சில் காய்ச்சி வளைத்த கம்பி வளைந்தபடியே நின்றுவிடும், இல்லையென்றால் என்றாவது ஒரு வளைவில் முறியும். அதே காரணத்துக்காக, இருக்கிற பாரில் எங்கேயும் வெல்டு வைக்கவும் கூடாது.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் ஸ்டெபிலைசருக்கென்று ஒரு கட்டம் இல்லை. ஆனாலும் வாரன்டி ஓடுகிற வண்டியாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேலை

சேர்த்து வைக்க வேண்டியவை: ஜாக்கி, இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், பின்சக்கரத்துக்கு அண்டக்கொடுக்க இரண்டு கட்டை, சாக்கெட் செட்டும் ரிங் ஸ்பேனர்களும், ஆலன் கீ செட், டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, தானாக இளகாத புது நைலாக் நட்டுகள். கூட ஒரு ஆள். எனக்கு அக்கா மகன் வந்தான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்ததற்குப் பிரியாணி வாங்கித் தர வேண்டியிருந்தது, அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் சாயங்காலமே லிங்க் நட்டுகளிலும் கிளாம்ப் போல்ட்டுகளிலும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். மலைச்சேறு காய்ந்து உட்கார்ந்திருந்தால் மறைகளைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அடியுங்கள். காலையில் அவசரமாக அடித்துக் காலால் உதைத்துத் திருகினால் போல்ட் தலைதான் கையோடு வரும்.

வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இங்கேதான் மாப்பிள்ளை, "மாமா, ஒரு பக்கம் தூக்கினாப் பத்தாதுங்களா? எதுக்கு ரெண்டு ஸ்டாண்டு?" என்றான். பத்தாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஒரு சக்கரம் தொங்கும், மற்றது தரையில் நிற்கும். பார் முழுசாக முறுக்கிக்கொண்டு காத்திருக்கும். அந்த நிலையில் லிங்க் நட்டைக் கழற்றினால் முனை துள்ளிக்கொண்டு வரும். பல வருடம் முன் வேறொரு வண்டியில் அப்படிக் கழற்றி, விரல் முட்டியில் ஸ்பேனர் அடித்த தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, சேஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, இரண்டு முன்சக்கரத்தையும் கழற்றிவிடுங்கள். கழற்றிய சக்கரங்களைச் சேஸுக்கு அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்ட் சறுக்கினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும், உங்கள் மேல் அல்ல. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதீர்கள்.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றினால் பார் முழுசாகத் தெரியும். ஒரு போல்ட்டைத் தொடும் முன் போனில் நாலைந்து படம் எடுங்கள்: பாரின் வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது, புஷ்ஷின் பிளவு முன்னாலா பின்னாலா, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் எந்த வழியாகப் போகின்றன என்று. அப்போது தேவையில்லாத வேலை மாதிரி இருக்கும். மதியம் மூன்று மணிக்குப் புதுப் பாரைக் கையில் பிடித்துக்கொண்டு முழிக்கும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

முதலில் லிங்க். நட்டைத் திருகினால் உள்ளே இருக்கும் பந்து மூட்டும் சேர்ந்து சுற்றும். எல்லாருக்கும் எரிச்சல் வருகிற இடம் இதுதான். பல லிங்க்குகளில் மறையின் நுனியில் ஆலன் கீக்கான ஓட்டை இருக்கும், இல்லையென்றால் ரப்பர் உறைக்குப் பின்னால் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைக் கழற்றுங்கள். எப்படியும் புது லிங்க் போடப்போகிறீர்கள் என்றால் வெட்டி எடுப்பதிலும் தப்பில்லை.

பிறகு கிளாம்ப். ஒரு பக்கத்தை முழுசாகக் கழற்றிவிட்டு மறு பக்கம் போகாமல், நான்கு போல்ட்டையும் முதலில் இளக்கி, அப்புறம் ஒரு ஆள் பாரைத் தாங்கிக்கொள்ள மற்றவர் கழற்றுங்கள். கெட்டி எஃகு, நெஞ்சில் விழுந்தால் வலிக்கும். ஒரு பக்கச் சக்கர வளைவு வழியாகப் பாரைத் திருப்பித் திருப்பி வெளியே எடுக்கலாம். ஒரே இழுப்பில் வராது. எந்தக் கோணத்தில் வந்ததோ அதைக் கவனித்துக்கொள்ளுங்கள், புதியது அதே வழியில்தான் உள்ளே போகும்.

பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வளைவுகள், முனை ஓட்டைகள், புஷ் உட்காரும் இடம் எல்லாம் ஒத்து வர வேண்டும். நான் இந்தப் படியை ஒழுங்காகச் செய்துவிட்டு, மாட்டும்போது தலைகீழாக மாட்டினேன். எடுத்த படத்தைப் பார்க்காமல் மாட்டியதன் பலன். போல்ட் எல்லாம் சரியாகப் போட்டு முடித்த பிறகுதான் கம்பி, ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடுக்கு விரல் கடை தூரத்தில் நிற்பது தெரிந்தது. மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி... பிரியாணி ஆறிப்போனது.

கிளாம்ப் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். புதுப் பாரோடு பாலியூரித்தேன் புஷ் வந்திருந்தால், கூடவே கொடுத்த கிரீஸை உள்பக்கம் தாராளமாகப் பூசுங்கள். அதைத் தடவாமல் விட்டால் ஒவ்வொரு குழிக்கும் பழைய கட்டில் மாதிரி கிரீச்சிடும். ரப்பர் புஷ் என்றால் சக்கரத்துக்குப் போடும் சாதா கிரீஸ் வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். பாரின் விட்டமும் புஷ்ஷின் ஓட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். தடித்த பாருக்குப் பழைய புஷ்ஷை நெரித்து மாட்டுவது வேலைக்கு ஆகாது.

நான்கு கிளாம்ப் போல்ட், இரண்டு லிங்க் எல்லாவற்றையும் கையால் திருகும் அளவுக்கு மட்டும் போடுங்கள். பார் நடுவில் நிற்கிறதா என்று இரு பக்கமும் சேஸிலிருந்து டேப் வைத்து அளந்து சரிசெய்யுங்கள். முனையில் இரண்டு மூன்று ஓட்டை உள்ள பார் என்றால் வெளி ஓட்டையில் ஆரம்பியுங்கள். கை நீளம் கூடினால் மென்மை, உள் ஓட்டைக்குப் போகப் போகக் கடுமை. இரண்டு பக்கமும் ஒரே ஓட்டை என்று நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இனிச் சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். பம்பரை நாலு முறை அமுக்கி விட்டு, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டுங்கள். சக்கரம் தொங்கிய நிலையிலேயே இறுக்கினால், கம்பியோடு ஒட்டிய ரப்பர் புஷ் ஓடும்போது எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேனில் கம்பி தாராளமாக உருளும் என்பதால் அதற்கு இது அவ்வளவு முக்கியமில்லை. இருந்தாலும் தரையில் நிற்கும்போது இறுக்குவதையே பழக்கமாக வைத்துக்கொள்ளலாம். வி-கிராஸ் உயரமான வண்டி, அடியில் நுழைய இடம் இருக்கிறது.

எவ்வளவு இறுக்குவது? வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதோ, பாரோடு வந்த தாளில் உள்ளதோதான் முதல் சாட்சி. அது கையில் இல்லையென்றால், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுக்குப் பொது அட்டவணைப்படி 8 மில்லிக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 10 மில்லிக்கு 50, 12 மில்லிக்கு 85. பட்டறைக் கணக்கில் இரண்டரை கேஜி, ஐந்து கேஜி, எட்டரை கேஜி. இந்த மில்லி மறையின் தடிமன், ஸ்பேனர் எண் அல்ல. 14-ஆம் எண் ஸ்பேனர் போகிறதே என்று 14 மில்லிக்கான டார்க் கொடுத்துப் போல்ட்டை முறித்தவரை எனக்குத் தெரியும்.

வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியிருப்பவர்கள் லிங்க்கின் கோணத்தையும் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது லிங்க் ஏறக்குறைய செங்குத்தாகவும் பாரின் கை தரைக்கு இணையாகவும் இருப்பது நல்லது. உயர்த்திய வண்டியில் பழைய நீள லிங்க்கையே போட்டால் கை கீழ்நோக்கி இழுபடும், அதற்கு நீளமான லிங்க் வேண்டும்.

கடைசியாக ஸ்டீரிங்கை இடது முழுக்க, வலது முழுக்க ஒடித்து, பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், டை ராடு, ஆக்சில் ரப்பர் உறை எதிலும் பார் உரசவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டை ராடைக் கழற்றாதவரை சக்கரக் கோணம் எதுவும் மாறாது. "அலைன்மென்ட் பண்ணியே ஆகணும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

ஓட்டிப் பார்த்தால்

முதலில் மலைக்குப் போகாதீர்கள். நான் 44-ஆம் நெடுஞ்சாலையில் கரூர் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டினேன். லேன் மாறும்போது வண்டி சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாயும் அந்த ஊஞ்சல் போயிருந்தது. ஸ்டீரிங் திருப்பியதும் மூக்கு உடனே வருகிறது. உண்மையில் இந்த மாற்றம் நன்றாகத் தெரிவது நெடுஞ்சாலையில்தான். கொண்டை ஊசியில் 15, 20 கி.மீ. வேகத்தில் போகும்போது வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவு இல்லை.

இதற்கு விலையும் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் அந்த அடி மறு பக்கத்துக்கும் போய், தலை இடம் வலமாக ஆடும். தோட்டத்துப் பாறைப் பாதையில் முன்சக்கரம் முன்புபோல் தாராளமாகத் தொங்குவதில்லை. முன்பு தாண்டிய ஒரு இடத்தில் இப்போது ஃபோர் வீல் போட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, முன்பக்கம் மட்டும் கடுமையாக்கினால் வளைவில் முன் வெளி டயருக்குப் பாரம் கூடும். ஈர ரோட்டில் ஒடித்த அளவுக்குத் திரும்பாமல் வண்டி வெளிப்பக்கம் போகப் பார்க்கும். சாய்வு குறைந்ததால் வேகம் தெரியாது என்பது இன்னும் ஆபத்து. மழைக்காலத்தில் இறங்கும்போது நான் பழைய வேகத்துக்கும் ஒரு படி கீழேதான் வருகிறேன்.

மனைவியின் தீர்ப்பு 47. மெதுவாக ஓட்டினால் 50 தாண்டும் என்கிறாள், அதற்கும் ஸ்டெபிலைசருக்கும் சம்பந்தமில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறாள்.

100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு முறை டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள். எனக்கு வலது கிளாம்ப்பில் ஒரு போல்ட் கால் சுற்று வாங்கியது. நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்த முறை கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய பாரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள். வண்டியை விற்கும் அன்று புதியதைக் கழற்றிவிட்டு அதைத்தான் மாட்ட வேண்டியிருக்கும்.